மூத்: பிரான்சின் 'குட்டி சைபீரியா' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஜனவரியிலும் பிரெஞ்சு வானிலைச் செய்திகளில் ஒரு சிற்றூரின் பெயர் அடிபடும்: மூத். 'இன்று காலை நாட்டிலேயே அதிகக் குளிர் மூத்தில்' என்பதோடு செய்தி முடிந்துவிடும். அந்த ஊரின் நிலம் எப்படிப்பட்டது, அங்கே யார் வாழ்கிறார்கள், எதைச் செய்து பிழைக்கிறார்கள் என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. என்னைப் பொறுத்தவரை குளிரைவிடச் சுவையான கதை அங்கேதான் இருக்கிறது.

மூத் எங்கே இருக்கிறது?

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், சுவிட்சர்லாந்தை ஒட்டி வில்போல் வளைந்து கிடக்கும் ஜுரா மலைத்தொடரில். நிர்வாகக் கணக்கில் டூ மாவட்டம், பூர்கோன்-பிரான்ஷ்-கோந்தே பிராந்தியம். அருகில் உள்ள நகரம் பொந்தார்லியே, சாலை வழியே சுமார் 30 கி.மீ. மாவட்டத் தலைநகர் பெசான்சோன் இன்னும் தொலைவு. தென்கிழக்கே ரிசூ காட்டைத் தாண்டினால் சுவிட்சர்லாந்தின் வோ மாநிலம் வந்துவிடும். இந்த எல்லையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை பற்றிய கேள்விக்கு வரும்போது அது இல்லாமல் எதையும் விளக்க முடியாது.

இது கிராமமா, நகராட்சியா?

பிரான்சில் அந்தப் பாகுபாடு கிடையாது. மார்செய் மாநகரமும் ஒரு கொம்யூன்தான், ஐம்பது பேர் வாழும் மலையூரும் ஒரு கொம்யூன்தான். இரண்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் உண்டு. நாடு முழுக்க ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள். புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பிரெஞ்சு ஆட்சி 1880-இல் அங்கே கொண்டுவந்த அதே அமைப்பின் பெயர் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

மூத் அளவிலான ஊருக்கு, அதாவது 500 முதல் 1,499 பேர் வரை வாழும் கொம்யூனுக்கு, மன்ற உறுப்பினர்கள் 15 பேர். சின்ன கொம்யூன்கள் தனித்தனியே செய்ய முடியாத வேலைகளுக்கு அக்கம்பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொள்ளும். ஓ-டூ (டூ மாவட்டத்தின் உயரமான மலைப்பகுதி) பகுதியின் ஏரிகளையும் மலைகளையும் பெயரிலேயே கொண்ட அப்படியொரு கூட்டமைப்பில், 2017 முதல் மூத் இருக்கிறது.

கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம்?

ஊர் அமைந்திருக்கும் பள்ளத்தாக்குத் தரை சுமார் 935 மீட்டர். இருபுறமும் காடு அடர்ந்த முகடுகள் அதற்கு மேலே எழும்புகின்றன. டூ மாவட்டத்தின் மிக உயர்ந்த இடமான மோந்தோர் சிகரம் (1,463 மீட்டர்) வடகிழக்கே கொஞ்ச தூரத்தில்தான்.

935 மீட்டர்தானா? ஆல்ப்ஸில் இதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் ஊர்கள் இருக்கின்றனவே. பிறகு ஏன் மூத்தில் அவ்வளவு குளிர்?

வருகிற கேள்விகளிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். உயரம் கூடக் கூடக் குளிர் கூடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த விதி. மூத்தின் உறைகுளிர் இரவுகளில் அந்த விதி தலைகீழாகிறது. பள்ளத்தாக்கில் மைனஸ் 25 டிகிரி இருக்கும் அதே விடியலில், மேலே முகட்டில் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக இருக்கலாம். வானிலையாளர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்பார்கள்.

காரணம் நிலத்தின் வடிவம். ஜுரா மலை மடிப்பு மடிப்பாக எழுந்தது. மடிப்பின் மேடு முகடாகவும் தாழ்வு நீண்ட பள்ளத்தாக்காகவும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகின்றன. மூத் இருப்பது அப்படியொரு தாழ்வில். ஒரு பக்கம் ஓத்-ஷூ மலை, மறுபக்கம் நுவார்மோன், ரிசூ காடுகள். தரை அகலமானது, தட்டையானது. காற்று வெளியேற வழி குறுகலானது.

வானம் தெளிந்து காற்று அசையாமல் நிற்கும் குளிர்கால இரவை எண்ணிப் பாருங்கள். நிலம் தன் வெப்பத்தை விண்வெளிக்குக் கதிர்வீசி இழக்கிறது. மேலே புதிய பனி மூடியிருந்தால் மண்ணுக்குள் இருக்கும் கதகதப்பும் மேலே வராது, பனி அதைத் தடுத்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் உருவாகும் குளிர்காற்றும் மெதுவாகக் கீழே வழிந்து, கிண்ணத்தில் தண்ணீர் சேர்வதுபோல் பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. மேலிருக்கும் சூடான காற்று மூடியாகிவிடுவதால் கலக்கவும் வாய்ப்பில்லை. இரவு நீளமானது, விடியும் வரை இது தொடர்கிறது.

ஆகவே மிகக் கடுமையான குளிர் பதிவாவது காற்றே இல்லாத நாட்களில்தான். அந்தப் பக்கத்து மக்கள் 'பீஸ்' என்று அழைக்கும் வடகிழக்கு வாடைக்காற்று உடலுக்குக் கொடுமையானது. வெப்பமானியோ அன்று அவ்வளவு கீழே இறங்காது. காற்று அடுக்குகளைக் கலக்கிவிடுவதுதான் காரணம்.

இதே அமைப்பு எல்லைக்கு அப்பாலும் உண்டு. சுவிஸ் ஜுராவின் லா பிரெவீன் பள்ளத்தாக்கில் 1987 ஜனவரி 12 அன்று மைனஸ் 41.8 டிகிரி பதிவானது. அந்த ஊரும் ஆயிரம் மீட்டர் உயரத்தைப் பெரிதாகத் தாண்டியதில்லை.

மைனஸ் 36.7 என்கிறார்கள், மைனஸ் 41 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் வேறு வேறு நாட்கள். 1968 ஜனவரி 13 அன்று பதிவான மைனஸ் 36.7 டிகிரிதான் அதிகாரபூர்வமானது. பிரான்சில் மக்கள் வாழும் ஊர் ஒன்றில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை என்று தேசிய வானிலை நிறுவனமான மெத்தியோ-பிரான்ஸ் ஏற்றுக்கொண்டிருப்பது அதைத்தான். 1985 ஜனவரி 17 அன்று மைனஸ் 41-ஐ ஒட்டி இறங்கியதாகச் சொல்லப்படும் அளவு அந்த ஏற்பைப் பெறவில்லை. 1985 ஜனவரியில் ஐரோப்பா முழுவதுமே உறைந்து கிடந்தது உண்மை, எனவே மைனஸ் 41 நடக்காத ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் ஏற்கப்பட்ட எண்ணைத்தான் எழுத வேண்டும் என்பது என் கருத்து. மைனஸ் 36.7 எந்த அலங்காரமும் தேவைப்படாத எண்.

ஆண்டு முழுக்கக் குளிர்தானா?

இல்லை. கோடைப் பகல்கள் இதமானவை, பெரும்பாலும் 20 டிகிரிக்கு மேலே போகும். வெப்ப அலை வந்தால் இன்னும் கூடும். ஆனால் சூரியன் மறைந்ததும் பள்ளத்தாக்கு தன் பழைய வேலையைத் தொடங்கிவிடும். ஜூலை, ஆகஸ்ட் உட்பட எந்த மாதத்திலும் உறைபனி விழக்கூடிய ஊர் இது. ஆண்டில் பாதிக்குச் சற்றே குறைவான நாட்களில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிறது. தக்காளி வளர்க்க ஆசைப்படுபவர்களுக்குப் பசுமைக்குடில் இல்லாமல் ஆகாது.

மழையும் பனியும்?

தாராளம். அட்லாண்டிக்கிலிருந்து மேற்குக் காற்று கொண்டுவரும் ஈரம் முதலில் மோதி ஏறும் மலைகளில் ஜுராவும் ஒன்று. ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் பனியுமாக இறங்குகிறது, பாரிஸைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். வறண்ட மாதம் என்று எதையும் தனியே சொல்ல முடியாது.

டூ ஆறு மூத்தில்தான் பிறக்கிறதா?

ஆமாம். ஊரிலிருந்து நடக்கும் தூரத்தில், நுவார்மோன் காட்டின் அடிவாரத்துப் பாறைக் குகை ஒன்றிலிருந்து, கிட்டத்தட்ட 940 மீட்டர் உயரத்தில், தெளிந்த நீராகப் பாய்ந்து வெளிவருகிறது. மாவட்டத்துக்கே பெயர் தந்த ஆறு இது.

இதன் பயணம் விசித்திரமானது. சோன் ஆற்றோடு கலக்கும் வெர்தன்-சுர்-ல-டூ என்ற இடம் நேர்கோட்டில் சுமார் 90 கி.மீ. தொலைவில்தான். ஆறோ அதை அடைய ஏறத்தாழ 450 கி.மீ. ஓடுகிறது. முதலில் வடகிழக்காகப் போய், சேன்-புவான் ஏரியைக் கடந்து, பொந்தார்லியேவைத் தொட்டு, சுவிஸ் எல்லையாகவே கொஞ்ச தூரம் ஓடி, இடையில் 27 மீட்டர் அருவியாக விழுந்து, சுவிட்சர்லாந்துக்குள் ஒரு வளைவு போட்டு, மனம் மாறியதுபோல் தென்மேற்கே திரும்பி, பெசான்சோன் நகரைச் சுற்றிக்கொண்டு கீழிறங்குகிறது. மலை மடிப்புகளுக்கு இடையே வழி தேடியதன் விளைவு.

ஜுரா சுண்ணாம்புப் பாறையால் ஆனது. உலக நிலவியலில் 'ஜுராசிக் காலம்' என்ற பெயரே இந்த மலையிலிருந்து போனதுதான். சுண்ணாம்பு நீரில் கரையும். ஆகவே ரிசூ மேட்டில் விழும் மழையும் உருகும் பனியும் ஓடையாக ஓடாமல், வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடி வழிகளில் நடந்து, மூத்தில் ஊற்றாக வெளிவருகின்றன. இவ்வளவு மழை பெய்யும் முகடுகளில் ஓடைகள் அரிதாக இருப்பது இதனால்தான்.

நிலத்தடி வழிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தப் பகுதியில் புகழ்பெற்ற சான்று உண்டு. 1901 ஆகஸ்ட் 11 அன்று பொந்தார்லியேவில் பெர்னோ நிறுவனத்தின் அப்சிந்த் மதுத் தொழிற்சாலை தீப்பற்றியது. வெடித்துவிடக் கூடாது என்று ஏராளமான மதுவை டூ ஆற்றில் திறந்துவிட்டார்கள். ஓரிரு நாட்களில், அதுவரை தனி ஆறு என்று எண்ணியிருந்த லூ ஆற்றின் ஊற்றில் அப்சிந்த் வாசனை அடித்தது! டூ ஆற்றின் நீரில் ஒரு பகுதி மண்ணுக்கடியில் போய் அங்கே வெளிவருகிறது என்பது இப்படித்தான் தெரியவந்தது. பிறகு சாயம் கலந்து சோதித்து உறுதிசெய்தார்கள்.

பள்ளத்தாக்குத் தரையில் சதுப்பு இருக்கிறதாமே?

இருக்கிறது. பனியுகத்தில் ஜுராவின் மேல் பனிக்கவிகை படர்ந்திருந்தது. அது விட்டுச்சென்ற களிமண்ணும் கற்குவையும் நீரைக் கீழே இறங்க விடாததால், தாவரங்கள் மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்து கரிச்சதுப்புகள் உருவாயின. முன்பு மக்கள் அதை வெட்டி அடுப்பெரித்தார்கள். இன்று பிரெஞ்சு ஜுராவின் கரிச்சதுப்புகளைச் சீரமைக்கும் பணி ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு நடந்திருக்கிறது. நீரைத் தேக்கிவைத்துக் கோடையில் ஆற்றுக்குத் தரும் வேலையைச் சதுப்பு செய்கிறது. அதை வீண்நிலம் என்று வடித்துக் காயவைத்த காலம் போய்விட்டது என்பது மகிழ்ச்சி தரும் செய்தி.

இந்தக் குளிரில் என்ன விளையும்?

புல்லும் மரமும். தானியத்துக்கு இங்கே கோடை போதாது. புல் அபாரமாக வளரும், எனவே ஊரின் விவசாயம் என்றால் மாடுதான். சிவப்பும் வெள்ளையுமான மோன்பெலியார்ட் பசுக்கள், அவற்றின் பாலில் கோந்தே சீஸ். 1958 முதல் பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்ற சீஸ் அது. சுமார் 40 கிலோ எடையுள்ள ஒரு வட்டுக்கு ஏறத்தாழ 400 லிட்டர் பால் வேண்டும். ஒரே குடும்பத்தின் மாடுகளால் அது ஆகாது. அதனால் விவசாயிகள் பாலை ஒன்றுசேர்த்துச் சீஸ் செய்யும் ஊர்ப் பொதுப் பட்டறைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன. கூட்டுறவு இங்கே கொள்கையாக வந்ததில்லை, தேவையாக வந்தது.

குளிர்காலத்தில் பால் சுருங்கும், பெரிய வட்டு போட முடியாது. அந்தப் பருவத்துக்கென்று பிறந்தது மோந்தோர் என்ற சிறிய, குழைவான சீஸ். 700 மீட்டருக்கு மேலே, ஆகஸ்ட் 15 முதல் மார்ச் 15 வரை மட்டுமே அதைச் செய்யலாம் என்பது விதி. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் உட்பட்டையை நாடாபோல் உரித்து அதைச் சுற்றிக் கட்டுகிறார்கள். காடும் மேய்ச்சலும் குளிரும் ஒரே மரப்பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன.

ஸ்ப்ரூஸ் பற்றியும் ஒரு வார்த்தை. குளிரில் மெதுவாக வளர்வதால் அதன் ஆண்டு வளையங்கள் நெருக்கமாகவும் சீராகவும் அமைகின்றன. ரிசூ காட்டின் தேர்ந்த மரங்கள் வயலின், கிதார் போன்ற இசைக்கருவிகளின் மேற்பலகைக்குப் போகின்றன. வெப்பமான இடத்தில் வேகமாக வளர்ந்த மரத்தில் அந்த நாதம் வராது.

வீடுகள் எப்படி இருக்கும்?

பழைய பண்ணை வீடுகள் பெரிய உடம்பு கொண்டவை. மனிதர், மாடு, வைக்கோல் எல்லாம் ஒரே கூரையின் கீழ். மாடுகளின் கதகதப்பு வீட்டுக்கு, வைக்கோல் மேலே போர்வை, பனி மூடிய நாட்களில் தொழுவத்துக்குப் போக வெளியே கால் வைக்க வேண்டியதில்லை. மழை மோதும் மேற்குச் சுவரில் மீன் செதில்போல் மரச் சில்லுகள் அடித்திருப்பார்கள்.

மூத்தின் மக்கள்தொகை எவ்வளவு?

ஆயிரத்தைச் சற்றே தாண்டும். துல்லியமான எண்ணைப் பிரெஞ்சுப் புள்ளியியல் நிறுவனமான இன்சே ஆண்டுதோறும் டிசம்பர் இறுதியில் வெளியிடுகிறது. அது ஜனவரி 1 முதல் சட்டப்படி செல்லும்.

இந்த எண்ணை வாசிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடே ஒரே நேரத்தில் கணக்கெடுக்கும் முறையைப் பிரான்ஸ் 2004-இல் கைவிட்டது. 10,000 பேருக்குக் குறைவான கொம்யூன்களில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, சுழற்சி முறையில், வீடுவீடாகக் கணக்கெடுப்பு. இடைப்பட்ட ஆண்டுகளின் எண் மதிப்பீடு. மேலும் வெளியாகும் எண் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நிலையைக் காட்டுவது. மூத் மாதிரிச் சின்ன ஊரில் 'போன ஆண்டைவிட எட்டுப் பேர் கூடிவிட்டார்கள்' என்று எழுதுவதில் பொருளில்லை. பத்து, இருபது ஆண்டுகளின் போக்கைத்தான் பார்க்க வேண்டும். போக்கு மேல்நோக்கி இருக்கிறது.

ஊர்க்காரர்களை மெத்தியார் என்று அழைப்பார்கள். 1992 ஆல்பர்வில் குளிர்கால ஒலிம்பிக்கில் நோர்டிக் கம்பைண்டு (ஸ்கீ தாவலும் சமநிலப் பனிச்சறுக்கும் சேர்ந்தது) போட்டியில் தங்கம் வென்ற ஃபப்ரீஸ் கீ இந்த ஊர்ப் பிள்ளைதான். குடியேற்றத்தின் தொடக்கம் 11-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி: பதவியையும் செல்வத்தையும் துறந்து துறவியான சிமோன் த கிரெப்பி என்ற பிரபு, இந்தக் காட்டுப் பள்ளத்தாக்கில் ஒரு மடம் அமைத்தார்.

மலையூர்கள் காலியாகும் காலத்தில் இது மட்டும் எப்படி வளர்கிறது?

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன எல்லைதான் விடை. ரிசூ காட்டுக்கு அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்தின் வாலே த ஷூ பள்ளத்தாக்கு. உலகின் விலையுயர்ந்த கைக்கடிகாரங்கள் செய்யப்படும் இடம். அதைத் தாண்டினால் லோசான் நகர வட்டாரம். சுவிஸ் சம்பளம் பிரெஞ்சுச் சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கையும் தாண்டக்கூடியது. பிரான்சில் குடியிருந்து சுவிட்சர்லாந்தில் வேலை பார்ப்பவர்களுக்கு 'ஃபிரோந்தாலியே' என்று பெயர். சுவிட்சர்லாந்தும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட ஆட்கள் போக்குவரத்து உடன்படிக்கை 2002-இல் நடைமுறைக்கு வந்த பிறகு இவர்கள் எண்ணிக்கை வேகமாக ஏறியது. வோ உள்ளிட்ட சில மாநிலங்களில் வேலை பார்ப்பவர்கள் 1983 ஒப்பந்தப்படி வருமான வரியைப் பிரான்சில் கட்டுகிறார்கள். பதிலுக்குப் பிரான்ஸ் அவர்களது மொத்தச் சம்பளத்தில் 4.5 விழுக்காட்டைச் சுவிஸ் தரப்புக்குக் கொடுக்கிறது.

இதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. பள்ளியில் பிள்ளைகள் இருக்கிறார்கள், கடைகள் திறந்திருக்கின்றன, புது வீடுகள் எழுகின்றன. விலையும் தெரிகிறது. சுவிஸ் சம்பளக்காரரோடு போட்டிபோட்டு வீடு வாங்க, உள்ளூர்ச் சம்பளத்தில் வாழும் செவிலியராலோ ஆசிரியராலோ முடிவதில்லை. தச்சர், பேக்கரி ஆள், வயதானோரைக் கவனிக்கும் பணியாளர் கிடைப்பது ஓ-டூ பகுதி முழுவதற்கும் பெரும்பாடு. மக்கள்தொகை ஏறுவதை மட்டும் வைத்து ஊர் நலமாக இருக்கிறது என்று தீர்மானிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யார் வரமுடிகிறது, யார் போகவேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

போர்க்காலத்தில் இதே எல்லைக்கு வேறு பொருள் இருந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ரிசூ காட்டு வழியே யூதர்களையும் எதிர்ப்பியக்கத்தினரையும் இரவில் சுவிட்சர்லாந்துக்குக் கடத்திக் காப்பாற்றிய சாதாரண மனிதர்கள் இருபுறமும் இருந்தார்கள். காட்டுக்குள் தாழ்ந்த கற்சுவர்தான் எல்லை. அதைத் தாண்டினால் உயிர்.

பனிச்சறுக்கு?

இது சமநிலப் பனிச்சறுக்கின் நாடு. 1979-இல் தொடங்கிய திரான்ஸ்ஜுராசியேன் நெடுந்தூரப் போட்டி, லாமூராவில் தொடங்கி மூத்தில் முடியும் மரபு கொண்டது. பக்கத்து ஊர் ஷோ-நவ்-வில் ஸ்கீ தாவல் மேடை இருக்கிறது; நோர்டிக் கம்பைண்டு உலகக் கோப்பைப் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன.

பருவநிலை மாற்றம் மூத்தைத் தொட்டிருக்கிறதா?

தொட்டிருக்கிறது, ஆழமாகவே. உறைகுளிர் இரவுகள் இன்னும் வருகின்றன, ஆனால் அவற்றுக்குப் பனிப் போர்வை வேண்டும். அந்தப் பனி முன்போல் நிலைத்துக் கிடப்பதில்லை. திரான்ஸ்ஜுராசியேன் பனியில்லாமல் ரத்தான ஆண்டுகளும் பாதை மாறிய ஆண்டுகளும் உண்டு. அருகிலுள்ள மெத்தாபியே பனிச்சறுக்கு மையம், சரிவுச் சறுக்கு 2030–35 வாக்கில் முடிவுக்கு வரும் என்று வெளிப்படையாகவே அறிவித்து மாற்று வழிகளைத் திட்டமிட்டு வருகிறது. அரசியல் துணிச்சல் வேண்டிய முடிவு அது. செயற்கைப் பனியைக் கொட்டிக் காலம் தள்ளுவது எளிதாக இருந்திருக்கும்.

காட்டில் அடி இன்னும் பலம். 2018 முதல் அடுத்தடுத்து வந்த வறட்சியில் சோர்ந்த ஸ்ப்ரூஸ் மரங்களைப் பட்டைவண்டு தாக்கி, ஜுரா சரிவுகளில் பச்சைக்கு நடுவே பழுப்புத் திட்டுகள் பரவின. 2018, 2022 கோடைகளில் டூ ஆறு பொந்தார்லியேவுக்குக் கீழே சில இடங்களில் வற்றிப்போய், சுவிஸ் எல்லையில் படகுகள் சேற்றில் நின்றன. சுண்ணாம்பு நிலம் நீரைச் சேமித்து வைக்காது. மழை நின்ற சில வாரங்களில் தெரிந்துவிடும். புல் குறைந்தால் கோந்தே குறையும். பசுவுக்குச் சைலேஜ் என்னும் புளிக்கவைத்த தீவனம் கொடுக்க அந்தச் சீஸின் விதி இடம் தராது.

போய்ப் பார்க்க விரும்பினால்?

மூத்தில் ரயில் நிலையம் இல்லை. பொந்தார்லியே அல்லது ஃபிரான் வரை ரயில், பிறகு சாலை. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை டூ மாவட்டத்தின் மலைப்பகுதியில் வாகனத்துக்குக் குளிர்கால டயர் அல்லது சங்கிலி கட்டாயம். 2021 முதல் அமலில் உள்ள விதி. ஆற்றின் ஊற்றைப் பார்க்க ஏப்ரல், மே மாதங்கள் சிறந்தவை: பனி உருகும் காலம், குகையிலிருந்து நீர் இரைச்சலோடு பாயும். குளிரையே பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஜனவரியில், முந்தைய நாள் பனி பெய்து வானம் தெளிந்த இரவாகப் பார்த்துத் தங்குங்கள். காலையில் ஏழு மணிக்கு ஊருக்குள் ஒருமுறை, ஒன்பது மணிக்கு மேட்டில் ஒருமுறை வெப்பமானியைப் பாருங்கள். கையுறையைக் கழற்றாமல் படிக்கக்கூடிய பெரிய எண்கள் கொண்ட வெப்பமானியாக இருக்கட்டும்.